கெய்ருன்னிஸாவின் மகள்

ஹைதராபாத்தில் கோட்டி கடைத்தெருவின் நெரிசலைத் தாண்டி மகளிர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைந்தால், உயர்ந்த தூண்களும் படிக்கட்டின் இருபுறமும் கல் சிங்கங்களுமாக ஒரு பெரிய மாளிகை நிற்கிறது. 1803 வாக்கில் கட்டத் தொடங்கிய பிரிட்டிஷ் ரெசிடென்ஸி அது. கட்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட் ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக். பணம் கொடுத்தவர் நிஜாம். மாளிகைக்குப் பின்னால், அந்தப்புரத் தோட்டம் இருந்த இடத்தில், இதே கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்று உண்டு. கோஷா விட்டு வெளியே வராத பேகம் கணவரின் மாளிகை எப்படியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வதற்காகக் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். வில்லியம் டால்ரிம்பிள் 2002-இல் எழுதிய 'ஒயிட் முகல்ஸ்' நூலுக்குப் பிறகு இந்தக் கதை உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளைக்கார அதிகாரி, ஹைதராபாத் பிரபு வீட்டுப் பெண், இருவருக்கும் நடுவில் காதல். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அது போதும். வரலாறு படிப்பவர்கள் அங்கே நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. அந்தக் காதலில் பிறந்த மகள் தன் தாயைத் தேடிய கதைதான் அதைவிட முக்கியமானது. அந்தக் கதையைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். அவளுடைய தாய் எங்கும் போகவில்லை, தன் ஊரில் தன் வீட்டில்தான் இருந்தாள். பிள்ளையைக் கொண்டுபோனவர்களும், கொண்டுபோனதை எழுதிவைத்தவர்களும் சேர்ந்து அவளை இல்லாதவளாக ஆக்கினார்கள். இது ஒரு பேகத்துக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வழக்கம் அது. அந்த வழக்கம் ஹைதராபாத்தில் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வேறு வேஷத்தில் தலைகாட்டியது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். கிர்க்பாட்ரிக் 1764-இல் சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர். சிறுவயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, மதராஸ் படையில் சேரத் திரும்பி வந்தவர். 1798 முதல் ஹைதராபாத் ரெசிடென்ட். பாரசீகமும் இந்துஸ்தானியும் சரளமாகப் பேசுவார், நிஜாம் தர்பாரில் ஹஷ்மத் ஜங் என்ற பட்டம் பெற்றவர். கெய்ருன்னிஸா பேகம் நிஜாமின் அமைச்சர் மீர் ஆலமின் உறவுக்காரப் பெண். தாய் பெயர் ஷரஃபுன்னிஸா. 1800-ஐ ஒட்டி இருவருக்கும் முஸ்லிம் முறைப்படி திருமணம் நடந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு இது எரிச்சல் மூட்டியது. ராபர்ட் கிளைவின் மகனும் அப்போதைய மதராஸ் கவர்னருமான எட்வர்ட் கிளைவ் பிரபுவைக் கொண்டு 1801-இல் ரகசிய விசாரணை நடத்தினார்கள். கிர்க்பாட்ரிக்கின் பதவி மயிரிழையில் தப்பியது. 1801 மார்ச்சில் மகன் பிறந்தான், 1802 ஏப்ரலில் மகள். பிள்ளைகளை வீட்டில் சாஹிப் ஆலம், சாஹிப் பேகம் என்று அழைத்தார்கள். மகளுக்கு வைத்த பெயர் நூருன்னிஸா.

1805-இல் அந்த இரண்டு பிள்ளைகளும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பையனுக்கு நாலு வயது முடிந்திருந்தது, பெண்ணுக்கு மூன்று. ரெசிடென்ஸி டாக்டர் யூரின் மனைவி துணையாக, இங்கிலாந்தில் இருந்த தாத்தாவிடம் கப்பலேற்றி அனுப்புவது என்று ஏற்பாடு. அப்போது சென்னையில் இருந்த ஓவியர் ஜார்ஜ் சின்னரி, புறப்படுவதற்கு முன் இருவரையும் ஆளுயரப் படமாக வரைந்தார். ஹைதராபாத் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய உடை. ஜரிகை வைத்த நீண்ட அங்கி, தலையில் தொப்பி, கழுத்தில் முத்துச்சரம், முனை வளைந்த செருப்பு. படம் ஹைதராபாத்தில் இருந்த தாய்க்குப் போனது, பிள்ளைகள் கப்பலேறினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 15-இல் கிர்க்பாட்ரிக் கல்கத்தாவில் இறந்தார். 1806 மார்ச்சில் லண்டன் மெரிலபோன் தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்து வில்லியம் ஜார்ஜ், கேத்தரின் அரோரா என்று பெயர் மாற்றினார்கள். கேத்தரின் பின்னால் எல்லோருக்கும் கிட்டி. கப்பலேறி ஒரு வருஷம் முடிவதற்குள் தகப்பன் செத்துப்போனார், மதம் மாறியது, பெயர் மாறியது. கெய்ருன்னிஸா அந்தப் பிள்ளைகளை மறுபடி பார்க்கவே இல்லை.

தகப்பன் கல்நெஞ்சக்காரர் இல்லையே, பிள்ளைகள் நன்மைக்காகத்தானே அனுப்பினார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கிர்க்பாட்ரிக் பிள்ளைகளை உயிராக நேசித்தவர் என்பதற்கு அவருடைய கடிதங்களே சாட்சி. உயிலில் பிள்ளைகளுக்குப் பெருந்தொகை எழுதிவைத்தார். கெய்ருன்னிஸாவுக்குச் சொந்த ஜாகீர் இருப்பதைக் குறிப்பிட்டு, அன்பின் அடையாளமாக மட்டும் ஒரு தொகை எழுதினார். ஆனால் அதே உயிலில் பிள்ளைகளை ஆங்கிலச் சட்டத்தின் மொழியில், மணவாழ்வுக்கு வெளியே பிறந்தவர்கள் என்ற பொருள்படத்தான் குறிப்பிட வேண்டியிருந்தது. காலமும் அவர் பக்கம் இல்லை. 1786-இல் கம்பெனி, கல்கத்தா ராணுவ அனாதைப் பள்ளியில் படித்த கலப்புப் பிள்ளைகள் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகக் கூடாது என்று தடுத்தது. 1791-இல் இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படைப் பதவிகள் கிடையாது என்றது. 1795-இல் தாய் தகப்பன் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் போர்வீரராகச் சேரவும் முடியாதபடி செய்தது. மேளகாரன், குழலூதி, லாடம் அடிப்பவன் என்ற வேலைகள்தான் மிச்சம். இப்படி ஒவ்வொரு கதவாக அடைபட்டபோது, நிறம் வெளுத்திருக்கும் பிள்ளையைச் சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பி ஆங்கிலேயனாக வளர்த்துவிடுவது என்று வசதியுள்ள தகப்பன்மார் முடிவு செய்தார்கள். கிர்க்பாட்ரிக்கும் அதைத்தான் செய்தார். அவர் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைக்கு நல்லது செய்ய வேண்டுமென்றால் தாயைக் கழற்றிவிட்டாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது யார்? தகப்பனின் அன்பு அந்த நிலைக்குள்ளேதான் வேலை செய்தது. கெய்ருன்னிஸா இந்தப் பிரிவை விரும்பவில்லை என்பதும் பதிவில் இருக்கிறது. அவள் விருப்பத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் அதிலிருந்தே தெரிகிறது.

வசதி இல்லாத தகப்பன்மாரின் பிள்ளைகளுக்கு நம் ஊரிலேயே ஏற்பாடு இருந்தது. சென்னையில் 1787-இல் பெண்களுக்கான அனாதை விடுதியும், 1789-இல் எழும்பூரில் ஆண்களுக்கான ராணுவ அனாதை விடுதியும் தொடங்கின. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் 'மதராஸ் முறை'யை ஆண்ட்ரூ பெல் உருவாக்கியது இந்த இரண்டாவது விடுதியில்தான். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதியதைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். பெருமையில் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறோம். அங்கே சேர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள். சிப்பாய்க்கு வாழ்க்கைப்பட்ட, அல்லது அவனோடு சேர்ந்து வாழ்ந்த உள்ளூர்ப் பெண் அவள். ஐரோப்பியத் தகப்பன் செத்தாலோ வேறிடம் மாறிப்போனாலோ பிள்ளை அனாதை என்று பதிவாகிவிடும். தாய் இருக்கிறாளே என்பது பதிவேட்டில் ஒரு பொருட்டே இல்லை. அதைவிட மோசம், தாயின் வளர்ப்புதான் இந்தப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெல் போன்றவர்கள் உறுதியாக நம்பினார்கள். அதனால் பிள்ளையைத் தாயிடமிருந்து விலக்குவது தொண்டாகவே கருதப்பட்டது. தேவாலய ஞானஸ்நானப் பதிவுகளும் இதே பாட்டைத்தான் பாடின. தகப்பன் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். தாய் பெயர் இருக்க வேண்டிய இடம் பல பதிவுகளில் காலி. அந்தக் காலத்து உயில்களையும் பதிவேடுகளையும் புரட்டிய வரலாற்றாசிரியர் துர்பா கோஷ், இந்தப் பெண்கள் எப்படிப் பெயரில்லாமல் ஆக்கப்பட்டார்கள் என்பதை 2006-இல் வந்த தன் நூலில் விரிவாகவே காட்டியிருக்கிறார்.

இங்கே இன்னொரு மறுப்பு வரும், இது முந்தியதைவிடக் கூர்மையானது. ஆங்கிலேயத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளையும்தான் சின்ன வயதில் கப்பலேற்றினார்கள். கிர்க்பாட்ரிக்கே அப்படிப் போனவர். பிற்காலத்தில், 1871-இல், ருட்யார்ட் கிப்ளிங்கை ஐந்து வயதில் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தார்கள். வெயிலுக்கும் காலராவுக்கும் பயந்து எல்லோரும் செய்ததை, இந்தியத் தாய்க்கு மட்டும் இழைத்த கொடுமை என்று எப்படிச் சொல்வது? சரிதான், பிரிவு எல்லோருக்கும் இருந்தது. ஆனால் கிப்ளிங்கின் தாய் சில ஆண்டுகளில் கப்பலேறிப் போய் மகனைக் கூட்டிக்கொண்டாள். அவள் கடிதம் எழுதலாம், மகன் படிப்பான். அவள் பெயர் மகனுடைய எல்லாத் தாள்களிலும் இருந்தது. கெய்ருன்னிஸாவுக்குக் கப்பலும் இல்லை, பொது மொழியும் இல்லை, மகள் பெயரில்கூட அவள் சாயல் மிஞ்சவில்லை. பிரிவு என்பது திரும்பி வருவதற்கான வழி இருக்கும்போது ஒன்று, வழியையே எடுத்துவிட்ட பிறகு வேறொன்று.

வழி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஹைதராபாத்திலேயே சான்று இருக்கிறது. கிர்க்பாட்ரிக்கின் நண்பர் ஜெனரல் வில்லியம் பால்மருக்கும் ஃபைஸ் பக்ஷ் என்ற பேகத்துக்கும் பிறந்த மகன் வில்லியம் பால்மர் இங்கிலாந்தில் படித்தவர். கம்பெனி அவருக்குக் கதவைச் சாத்தியது. நிஜாம் திறந்துவிட்டார். நிஜாம் படையில் சேர்ந்து, பிறகு ஹைதராபாத்தில் பெரிய வட்டிக்கடை வைத்தார். நிஜாம் அரசுக்கே கடன் கொடுத்த வில்லியம் பால்மர் கம்பெனி அதுதான். 1820-களில் அது திவாலான கதை தனிப் புத்தகம். நமக்கு வேண்டியது இவ்வளவு: பால்மர் வளர்ந்த பிறகும் தாயோடு தொடர்பில் இருந்தார், ஃபைஸ் தன் கடைசிக் காலத்தை மகன் இருந்த ஹைதராபாத்தில் கழித்தாள். உள்ளூரில் பிழைக்க வழி கிடைத்த பிள்ளைக்குத் தாய் காணாமல் போகவில்லை. ஆனால் அந்த வழி மகன்களுக்கு மட்டுமே இருந்தது. மகள் இங்கிலாந்தில் கல்யாணம் கட்டிக்கொள்ள வேண்டியவள்.

கெய்ருன்னிஸாவின் மிச்ச வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், நீட்டினால் அது இன்னொரு காதல் கதையாகத் திரிந்துவிடும். கணவர் சமாதியைப் பார்க்கக் கல்கத்தா போனாள். அங்கே கணவருக்குக் கீழே வேலை பார்த்த ஹென்றி ரஸ்ஸலோடு நெருக்கம் உண்டானது. செய்தி பரவியதும் மீர் ஆலம் அவளை ஹைதராபாத்துக்குள் விடவில்லை. மசூலிப்பட்டினத்தில் தங்க நேர்ந்தது. ரஸ்ஸல் சென்னைக்குப் போய் 1808-இல் ஜேன் கஸமேஜர் என்ற பெண்ணை மணந்துகொண்டார். மீர் ஆலம் இறந்த பிறகுதான் கெய்ருன்னிஸா ஊர் திரும்ப முடிந்தது. 1813 செப்டம்பரில் இறந்தாள், வயது முப்பதைத் தொட்டிருக்காது. கிட்டிக்கு அப்போது பதினொரு வயது, கென்ட் மாவட்டத்தில் தாத்தா வீட்டில் ஆங்கிலேயச் சிறுமியாக வளர்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் கொதிநீர்க் கொப்பரையில் விழுந்து ஊனமாகி, 1828-இல் இளவயதிலேயே இறந்துபோனான். எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1824-இல் கிட்டியைச் சந்தித்தார். அவருடைய 'சார்ட்டர் ரெசார்ட்டஸ்' நூலில் வரும் புளூமினே என்ற பெண் இவள்தான் என்பது பலர் கருத்து. 1829-இல் கேப்டன் பிலிப்ஸை மணந்தாள், பிள்ளைகள் பெற்றாள். அந்த முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் ஹைதராபாத்திலிருந்து அவளுக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. வளர்த்தவர்கள் அந்தத் தொடர்பை வளரவிடவில்லை.

தொடர்பு மீண்ட விதம் விசித்திரமானது. 1841 வாக்கில் கிட்டி, பெர்க்‌ஷயரில் ஸ்வாலோஃபீல்ட் என்ற மாளிகைக்கு விருந்தாளியாகப் போனாள். ஓய்வுபெற்ற ஹென்றி ரஸ்ஸலின் வீடு அது. உள்ளே நுழைந்ததும் சுவரில் சின்னரி வரைந்த படத்தைப் பார்த்தாள். கெய்ருன்னிஸா வீட்டில் இருந்த படம் ரஸ்ஸலிடம் வந்து சேர்ந்திருந்தது. தன்னையும் செத்துப்போன அண்ணனையும் அந்த உடையில் கண்டதும் கிட்டி அழுதுவிட்டாள். அதையொட்டித்தான் பாட்டி ஷரஃபுன்னிஸா இன்னும் ஹைதராபாத்தில் உயிரோடு இருக்கிறாள், சொத்தெல்லாம் கைவிட்டுப்போய் வறுமையில் இருக்கிறாள் என்று தெரியவந்தது. தாயைக் கைவிட்ட அதே மனிதர் வழியாகத்தான் மகளுக்குத் தாயின் தாய் கிடைத்தாள். நாவலாசிரியன் எழுதினால் மிகை என்று சொல்வோம்.

பிறகு ஆறு ஆண்டுகள் கடிதம் நடந்தது. நடந்த முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கிட்டி இங்கிலாந்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதுவாள். அது ரெசிடென்ஸியில் இருந்த அதிகாரி டங்கன் மால்கம் கைக்கு வரும். அங்கே பாரசீகத்தில் பெயர்த்துப் பாட்டிக்குப் படித்துக் காட்டுவார்கள். பாட்டி சொல்லச்சொல்ல எழுத்தர் பாரசீகத்தில் எழுதுவார், அது மறுபடி ஆங்கிலமாகிக் கப்பலேறும். எண்பதை நெருங்கிய ஒரு கிழவிக்கும் நாற்பதை ஒட்டிய பேத்திக்கும் நடுவில் எத்தனை பேர்! ஆனாலும் அந்தக் கடிதங்களில் கிட்டி எழுதியது சம்பிரதாயம் இல்லை. புறப்பட்ட அன்று தாய் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள், எப்படி நீண்ட கூந்தலைப் பிய்த்துக்கொண்டு அழுதாள் என்பது கண்ணில் நிற்கிறது என்று எழுதினாள். அந்தக் கூந்தலில் ஒரு கற்றை கிடைத்தால் எதையும் கொடுப்பேன் என்றாள். கனவில் அம்மா வருகிறாள், தான் பேசும் ஆங்கிலம் அவளுக்குப் புரியவில்லை என்றாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் நினைவிருக்குமா என்று கேட்கலாம். பிறர் சொல்லக் கேட்டு உருவான நினைவாக இருக்கலாம் என்றால், சொல்வதற்கு அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? அப்படியே கற்பனை கலந்திருந்தாலும் என் வாதம் தளராது. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு குடும்பமும் ஒரு சர்ச்சும் ஒரு சமுதாயமும் சேர்ந்து அழித்த பிறகும், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தன் தாயை உட்கார்ந்திருந்த இடத்தோடு தேடினாள் என்பது கடிதத்தில் இருக்கிறது. ஷரஃபுன்னிஸா 1847 ஜூலையில் இறந்தாள். பாட்டியும் பேத்தியும் மறுபடி நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. கிட்டி 1889-இல் டார்க்கி நகரில் இறக்கும்வரை இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

இது ஒரு பேகத்தின் கதை, இதை வைத்து வழக்கம் என்று பேசுவது சரியா என்று கேட்டால், பேகம் என்பதால்தான் நமக்கு இந்த ஒரு கதையாவது கிடைத்தது என்பேன். ஆளுயரப் படம் வரையப் பணம் இருந்தது, பாரசீக எழுத்தரை வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது, ரெசிடென்ஸி அதிகாரிகளைத் தெரிந்திருந்தது. எழும்பூர் விடுதியில் சேர்ந்த பையனின் தாய்க்கு இதில் ஒன்றுகூட இல்லை. அவள் மகன் எங்கே போனான் என்று யாரிடம் கேட்டிருப்பாள்? தாயும் மகளும் மீண்டும் சேர்வதற்குப் பாசம் மட்டும் போதாது, தாள் வேண்டும். தாளை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் மனசு வைக்க வேண்டும். கிட்டியின் கதை விதிவிலக்கு என்றால், அது இந்த விதிக்குத்தான் விலக்கு.

இதே கேள்வி ஹைதராபாத்தில் 1999-இலும் 2001-இலும் வேறு தாய்மாரை முன்னிட்டு எழுந்தது. நகரத்தில் இயங்கிய சில தனியார் காப்பகங்கள், நல்கொண்டா, மகபூப்நகர், ரங்காரெட்டி மாவட்டங்களின் லம்பாடிக் குடியிருப்புகளான தாண்டாக்களிலிருந்து பெண் சிசுக்களைத் தரகர்கள் மூலம் வாங்கி வெளிநாட்டுத் தத்துக்கு அனுப்பியது வெளியே வந்தது. தாய்க்குக் கிடைத்தது சில நூறு அல்லது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். காப்பகத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர். விட்டுக்கொடுத்த பத்திரங்களில் தாய் பெயரும் ஊரும் புனையப்பட்டிருந்ததும் விசாரணைகளில் தெரியவந்தது. இந்த லம்பாடிகளின் முன்னோர்தான் கிர்க்பாட்ரிக் காலத்தில் காளைப் பொதிகளில் தானியம் சுமந்து நிஜாமின் படைக்கும் கம்பெனிப் படைக்கும் சோறு போட்டவர்கள். சாலையும் ரயிலும் வந்து அந்தத் தொழில் அழிந்தது. நிஜாம் ஆட்சியில் அவர்கள் எப்படி நிலமற்றவர்களானார்கள் என்பதை, அந்தச் சமூகத்திலிருந்தே வந்த வரலாற்றாசிரியர் பங்கியா புக்யா எழுதியிருக்கிறார். பெண் குழந்தையைக் கொடுத்துவிடுவது அவர்கள் குல வழக்கம் என்று அப்போது பலர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். குல வழக்கம் என்றால் தரகர் வருவதற்கு முன்பே அல்லவா நடந்திருக்க வேண்டும்? வறுமை பழையது, வாங்குபவன்தான் புதியவன். ஆந்திர அரசு 2001-இல் வறுமையைக் காரணம் காட்டிப் பிள்ளையை விட்டுக்கொடுப்பதையே தடை செய்தது. ஹைதராபாத் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையில் 2005-இல் குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் ஒரு காப்பகம் வழியாக வெளிநாடு போனது பிடிபட்டது.

விட்டுக்கொடுத்த தாய் சம்மதித்துத்தானே கைநாட்டு வைத்தாள், அமெரிக்காவில் நன்றாகப் படிக்கிற பிள்ளையை ஏன் இழுக்க வேண்டும் என்பது இந்தக் காலத்து மறுப்பு. கிர்க்பாட்ரிக்குக்காகச் சொன்ன அதே நியாயம்தான் இது. இதற்குப் பதிலாக ஒரே வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் டேவிட் ஸ்மோலினும் அவர் மனைவியும் 1998-இல் ஹைதராபாத் காப்பகம் ஒன்றிலிருந்து இரண்டு சகோதரிகளைத் தத்தெடுத்தார்கள். போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே, தங்கள் தாய் உயிரோடு இருக்கிறாள், அவள் தங்களைக் கொடுக்கவில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். படிக்க வைக்கும் விடுதி என்று நம்பித் தாய் விட்டுவைத்த இடத்திலிருந்து அவர்கள் அனுப்பப்பட்டிருந்தார்கள். தத்துத் தகப்பன் நிறுவனங்களிடம் முறையிட்டார், பலிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஹைதராபாத்தின் சமூக ஆர்வலர்கள் வழியாகத்தான் தாய் கண்டுபிடிக்கப்பட்டாள். பிறகு மகள்கள் அவளைச் சந்தித்தார்கள். இப்படிப் பிள்ளைகளைத் தாள்களில் அனாதையாக்கிச் சட்டப்படி கைமாற்றும் முறையை, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதோடு ஒப்பிட்டு அந்தப் பேராசிரியர் எழுதிய கட்டுரைகள் இன்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகின்றன. அந்தத் தாய் படிக்காதவள். பிள்ளைகளைத் திரும்பக் கேட்டாள், கொடுக்கவில்லை. தேட அவளுக்கு வழியும் இருக்கவில்லை. தேடியது முழுக்க முழுக்க மறுகரையிலிருந்துதான்.

சட்டம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லக்ஷ்மிகாந்த் பாண்டே வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி வெளிநாட்டுத் தத்துக்கு விரிவான நெறிமுறை வகுத்தார். வெளிநாட்டுத் தத்து குறித்த 1993-இன் ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாற 60 நாள் அவகாசம் தருகிறது. எல்லாம் நல்லதே. ஆனால் அதே சட்டத்தில் அனாதை யார் என்று சொல்லும் பிரிவைப் படியுங்கள். பெற்றோர் இல்லாத பிள்ளை மட்டுமல்ல, சட்டப்படியான காப்பாளர் பார்த்துக்கொள்ள விரும்பாத அல்லது இயலாத பிள்ளையும் அதில் அடக்கம். எழும்பூர் விடுதியின் பதிவேட்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியவில்லை. தத்துப்போன பிள்ளை தன் வேரைத் தேடினால் உதவ வேண்டும் என்று மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் விதி சொல்கிறது. பெற்றவளின் அந்தரங்கத்தை மீறக் கூடாது, வேறொருவர் பிள்ளைக்காகத் தேடக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதுதான், ஊருக்குப் பயந்து கொடுத்த தாய்க்கு அது கவசம். ஆனால் நடைமுறையில் அதே கவசம் கோப்பை மூடிவைக்கிற நிறுவனத்துக்கும் பயன்படுகிறது. புனேயில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த அருண் டோலே தன் கோப்பைப் பார்க்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இந்த விதிகளில் தேடும் உரிமை பிள்ளைக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளை தேடி வரட்டும் என்று காத்திருப்பதுதான் தாய்க்கு விட்ட பங்கு. கெய்ருன்னிஸாவும் அதைத்தான் செய்தாள், மகளுக்குப் பதினொரு வயது ஆகும்போது இறந்துபோனாள். தன் பெயரையும், தற்போதைய முகவரியையும், பிள்ளை வந்தால் பார்க்கச் சம்மதம் என்பதையும் ஒரு தாய் தானாகவே பதிவு செய்து வைக்க மாவட்டந்தோறும் ஒரு பதிவேடு வேண்டும். பதியாதவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம், பதிந்தவளின் தாளைப் பூட்டி வைக்கவும் வேண்டாம். 1990-களில் பிள்ளை கொடுத்த, அல்லது பறிகொடுத்த பெண்களில் பலர் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். தெலங்கானாவும் தமிழ்நாடும் இதைச் செய்யப் புதுச் சட்டம் வரக் காத்திருக்கத் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.